உசுரு இருக்குல்ல மிஸ்

விந்துப் பரிசோதனைக்கு வரும் ஆண்கள் எங்கள் பரிசோதனை லெப்பின் வாங்குப் பலகையில் உட்காரமாட்டார்கள். எதிரே மருந்துக்கடைப் படியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெயரைக் கூப்பிட்டால் தெருவைக் கடந்து வந்து, யார் காதிலும் விழாதபடி பேசுவார்கள். முடிவை வாங்க மனைவியை அனுப்பிவிட்டுத் தாங்கள் பஸ் நிலையத்தில் காத்திருப்பவர்களும் உண்டு. பதுளையில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துவரும் வழக்கம் இது. அவர் ஒருவர்தான் முன்வாங்கில் உட்காருவார். சீனி பார்க்க வந்த அம்மாக்களுக்கும் சளி பார்க்க வந்த கிழவர்களுக்கும் நடுவில், முழங்கால்களின் மேல் கைகளை வைத்துக்கொண்டு, நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் பிட்டர். இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டிச் சரிசெய்கிற வேலை. முதல் தடவை வந்தபோது மாதிரியை வீட்டிலேயே எடுத்து, சின்னப் போத்தலைப் பழைய பனியன் துணியில் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்திருந்தார். குளிர் படக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். பெரகலயில் பஸ் மாறி ஏறி, அப்புத்தளை, பண்டாரவளை எல்லாம் கடந்து அவர் வந்து சேர்ந்தபோது பகல் உச்சிக்கு வந்துவிட்டது. பார்த்தேன். எதுவும் அசையவில்லை. இவ்வளவு நேரம் பிந்திய மாதிரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இங்கே வந்துதான் எடுத்துத் தரவேண்டும் என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"செத்துப்போச்சா மிஸ், இல்ல சும்மா நிக்குதா?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இன்றைக்குச் சொல்ல முடியாது என்றேன். அப்படியானால் சாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

எங்களிடம் மாதிரி எடுப்பதற்கென்று தனி அறை கிடையாது. பின்பக்கக் கழிப்பறைதான். அதன் கொண்டி சரியாக விழாது. அதனாலேயே எத்தனையோ பேர் உள்ளே போன வேகத்தில் வெறும் போத்தலோடு திரும்பி வந்திருக்கிறார்கள். இரண்டாம் தடவை வந்தபோது அவர் முதலில் செய்த வேலை, பையிலிருந்து திருப்புளியை எடுத்து அந்தக் கொண்டியைச் சரிசெய்ததுதான்.

நின்றுபோன எதையும் விட்டுவிட்டுப் போக அவருக்குத் தெரியாது. இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் எங்கள் பழைய இயந்திரத்தைக் கொழும்பிலிருந்து வந்தவர் பார்த்து, இனி இதற்கு ஆயுள் இல்லை, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிப் போயிருந்தார். அது ஒரு மூலையில் தூசி மூடிக் கிடந்தது. முடிவுக்காகக் காத்திருந்த நேரத்தில் அவர் அதைத் தரையில் இறக்கிப் பிரித்துவிட்டார். தடுக்கப்போன என்னிடம், "நின்னுருக்கு மிஸ், சாகல," என்றார். அன்றைக்கு அது சுழலவில்லை. அடுத்த மாதம் எங்கிருந்தோ ஒரு சின்னக் கரித்துண்டைத் தேய்த்துக் கொண்டுவந்து மோட்டருக்குள் பொருத்தினார். இன்றுவரை அது சுழன்றுகொண்டிருக்கிறது.

பஸ் பழுதானால் எல்லோரும் இறங்கி அடுத்த பஸ்ஸைத் தேடுவார்கள், இவர் மட்டும் மழைச்சேற்றில் படுத்து டிரைவரோடு சேர்ந்து அடியில் நுழைந்துவிடுவார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். அந்த அக்கா கொழுந்து பறிப்பவர். மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டார். அவருக்குச் செய்யவேண்டிய சோதனைகள் எல்லாம் முன்பே முடிந்து, எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனாலும் ஒரு நாள் பெயரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டுக் கணவரோடு ஒவ்வொரு முறையும் வருவார். கலியாணமாகிச் சில வருடங்கள் ஓடியிருந்தன. அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் அவர்களுக்குப் பிறகு கலியாணம் செய்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தார்கள்.

கடைசியில் முறையான மாதிரி கிடைத்தது. எண்ணிக்கை குறைவில்லை. தலை, வால், உருவம் எதிலும் பிழையில்லை. சாயம் ஊற்றிப் பார்த்தேன். செத்தது சாயத்தை உறிஞ்சும், உயிருள்ளது உறிஞ்சாது. பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன. ஆனால் ஒன்றுகூட முன்னே போகவில்லை. வாலை லேசாக ஆட்டிக்கொண்டு, வைத்த இடத்திலேயே கிடந்தன.

தானும் பார்க்கவேண்டும் என்றார். எங்கள் லெப்பில் அது வழக்கமில்லை. ஆனால் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தேன். நுணுக்குக்காட்டியின்மேல் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. மனைவி கதவருகில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டர் ஓடுது மிஸ்," என்றார் நிமிர்ந்து. "பெல்ட்டுதான் திரும்பல. உசுரு இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த சில வருடங்களை அவர் ஓட்டினார்.

ஏன் திரும்பவில்லை என்பது அவருக்குத் தெரியவேண்டும். கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டிருக்கிறார். வெளியே நீண்ட வரிசை. விட்டமின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி என்னிடம் வந்து கேட்டார். இது அவருடைய பலவீனமோ, சின்ன வயதில் செய்த எதற்கோ கிடைத்த தண்டனையோ இல்லை என்று அவருக்குப் புரியவைக்க நினைத்தேன். அதனால்தான் எலிகளைப் பற்றிச் சொன்னேன்.

பல்கலைக்கழகத்தில் இறுதி வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆய்வு ஆண் எலியின் விதைகளைப் பற்றியது. அவற்றை ஐஸின்மேல் வைத்து அரைத்து, அதில் ஒரு நொதியம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவேண்டும். உடம்புக்குள் நடக்கும் வேலைகளை ஓட்டுகிற புரதங்களைத்தான் நொதியம் என்கிறோம். சீனியை எரித்துச் சக்தியாக்கும் நொதியங்கள் உடம்பிலுள்ள எல்லா உயிர்க்கலங்களிலும் உண்டு. ஆனால் விந்தணுக்களுக்கென்று அவற்றில் சில தனியாக இருக்கின்றன. ஈரலை அரைத்துப் பார்த்தாலும் அவை அகப்படாது, இதயத்திலும் அகப்படாது. குட்டி எலியின் விதையில்கூட இருக்காது. எலி வளர்ந்து, விந்தணுவாகப் போகும் கலங்கள் தோன்றும்போதுதான் அவையும் தோன்றும். வெளிநாடுகளில் அப்படியொரு நொதியம் இல்லாத எலிகளையே உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். பார்வைக்கு அந்த ஆண் எலியிடம் ஒரு குறையும் இருக்காது. தின்னும், ஓடும், விந்தணுவும் வேண்டிய அளவு இருக்கும். ஆனால் அந்த அணுக்கள் இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். குட்டி பிறக்காது.

உங்களுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை, வேறு காரணங்களும் இருக்கலாம், இதைச் சோதித்துப் பார்க்கிற வசதி நம் பக்கம் எங்கும் இல்லை என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த எலிக்கு மருந்து கண்டுபிடிச்சாங்களா மிஸ்?"

"எலிக்கு யாருண்ணே மருந்து தேடப் போறாங்க. அது ஏன் குட்டி போடலன்னு தெரிஞ்சுக்கத்தான் அப்பிடிச் செஞ்சாங்க."

"தெரிஞ்சுக்கிட்டு?"

அவர் கையில் இருந்த குடையைச் சுருக்கி விரித்துச் சுருக்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து, தன் உடம்பில் இல்லாதது அந்த நொதியம்தான் என்று அவர் தீர்மானித்துவிட்டார். நான் சேர்த்துச் சொன்ன 'இருக்கலாம்'களை எல்லாம் வழியில் எங்கேயோ இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கடுத்த கிளினிக்கில் டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். தேயிலை காயவைக்கும் அடுப்புப் பக்கம் நிற்கும் வேலை என்றதும், அந்தச் சூடு விதைக்கு நல்லதில்லை என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னது அவ்வளவுதான். அடுத்த மாதம் லெப்புக்கு வந்தபோது அவர் விரல்களில் எண்ணெய்க் கறுப்பு இல்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

பிட்டர் வேலையை விட்டுவிட்டார். தோட்டத்தில் தொழிற்சாலை வேலை என்றால் ஒரு மதிப்பு உண்டு. பிட்டர் என்றால் துரைகூட நின்று பேசுவார். அதை விட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, மம்பட்டியோடு மலைக்கு வடிகான் வெட்டப் போனார். தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் வீட்டுக்கே வந்து கெஞ்சியும் கேட்கவில்லை. மலையில் காற்று நன்றாக இருக்கிறது, உடம்பு குளிர்ச்சியாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். சுடுதண்ணீர்க் குளியலை நிறுத்தினார். காற்சட்டையை விட்டுச் சாரத்துக்கு மாறினார். மார்கழிக் குளிரிலும் சிமெந்துத் தரையில் படுத்தார். தொழிற்சாலையில் ஏதாவது நின்றுபோனால் ஆள் அனுப்புவார்களாம். இவர் ஓட்டமாக வருவார், ஆனால் உள்ளே கால் வைக்கமாட்டார். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு, எதைக் கழற்ற வேண்டும், எதை இறுக்க வேண்டும் என்று கத்திச் சொல்வாராம். உள்ளே போகத் துடித்துக்கொண்டு கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி நிற்பார் என்று அக்கா சொன்னார்.

அவ்வளவும் செய்துவிட்டு வந்து போத்தலைத் தருவார். நான் பார்ப்பேன். அதே காட்சிதான்.

"போன மாசத்தவிட கொஞ்சம் வேகமா ஆடுதுல்ல மிஸ்?"

அவருக்காக மறுபடி பார்ப்பேன். "அப்பிடியேதாண்ணே இருக்கு."

தலையை ஆட்டுவார். அடுத்த மாதத் திகதியைக் கேட்டுவிட்டுப் போவார்.

அந்த வருடம்தான் அவருடைய தங்கை மகளின் பூப்புச் சடங்கு நடந்தது. தாய்மாமன் என்பதால் அவரும் மனைவியும்தான் முன்னால் நிற்கவேண்டும். அக்கா ஆலாத்தித் தட்டை எடுத்திருக்கிறார். தங்கை புருஷன் பக்கத்துப் பெண் ஒருவர், பிள்ளை பெறாதவள் கையால் வேண்டாம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். தங்கையும் வாய் திறக்கவில்லை, அக்காவின் மாமியாரும் திறக்கவில்லை. மாமியார் அதற்கு முன்பே பசறைப் பக்கம் மகனுக்கு இன்னொரு பெண் பார்த்து வைத்திருந்தார் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சமையல் பக்கம் போய்விட்டார்.

அவர் எழுந்து நின்றிருக்கிறார். பாட்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

"அவ மேல ஒரு கொறயும் இல்ல. கொற எனக்குத்தான். எல்லாம் உசுரோட நிக்குது, நடக்க மாட்டேங்குது. பதுளையில மெசின்ல என் கண்ணால பாத்தேன். எலிக்கும் இப்பிடி வருமாம். இனி யாராச்சும் அவளச் சொன்னா, என்னயச் சொன்னதாத்தான் அர்த்தம்."

பந்தலின் பின்வரிசையில் யாரோ 'எலி' என்று சொல்லிச் சிரித்தாராம். ஒருவர் சிரித்ததும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து தோட்டத்தில் அவர் பெயர் எலி. பெரட்டுக்களத்தில் அவர் பெயரை வாசிக்கும்போது பின்னால் ஒருவர் கீச்சென்று சத்தமிடுவார். சாராயக் கடைக்கு வெளியே நிற்பவர்கள் கூப்பிட்டு, நடக்க வருகிறதா என்று கேட்பார்கள். அவருடைய தாய் அவர்கள் இருந்த லயத்துக் காம்பராவில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சபையில் தன் மானத்தை வாங்கிவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அக்காதான். எங்கள் லெப்பின் நடையில், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இப்ப என்னய யாரும் ஒண்ணும் சொல்றதில்ல மிஸ். எல்லாத்தையும் அவரு வாங்கிக்கிட்டாரு." சொல்லும்போது அந்த முகத்தில் பெருமையும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அது பயம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணமும் இருந்தது. மீரியபெத்தயில் மலை சரிந்தபோது இவர்களுக்குக் கலியாணமாகிச் சில மாதங்கள்தான். அவருடைய கூட்டாளியின் குடும்பம் மண்ணுக்குள் போய்விட்டது. மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஓடியவர், தேடும் வேலை நிறுத்தப்பட்ட பிறகும் தினமும் போய்ச் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் அக்காதான் தனியாக நடந்துபோய், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். "உள்ள மூச்சு விட்டுக்கிட்டு இருப்பாங்கன்னு சொன்னாரு மிஸ். அவர யாரும் அசைக்க முடியல. அவரோட கண்ணப் பாத்து நானே நம்பிட்டேன்."

நகராத அணுவாலும் பிள்ளை உண்டாக ஒரு வழி இருக்கிறது. மனைவியின் முட்டையை வெளியே எடுத்து, மெல்லிய ஊசியால் ஒரு விந்தணுவைப் பிடித்து அதற்குள் வைத்துவிடுவார்கள். அணு எங்கேயும் நடந்துபோக வேண்டியதில்லை. கொழும்பில் செய்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். அந்தச் செலவு அவர்களால் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியம் இல்லை. கட்டாரில் இருந்த அக்காவின் தம்பி உதவினார். அக்காவின் காதும் கழுத்தும் வெறுமையாக இருந்ததை நானும் பார்த்தேன், எதுவும் கேட்கவில்லை.

முட்டை வளர்வதற்கு அக்காவுக்குத் தினமும் ஊசி போடவேண்டும். மருந்தைக் குளிரில் வைக்கவேண்டும். லயத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பெரகலயில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் தன் கடைப் பெட்டியில் யோகட் கோப்பைகளுக்குப் பின்னால் அந்த மருந்துகளை வைத்துக்கொண்டார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. தினமும் மலையிறங்கி, பஸ் ஏறி, மருந்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஊசி குத்திக் குத்தி அக்காவின் வயிறு முழுக்க நீலம் பாரித்திருந்தது. அக்கா ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு நாள் காலை கொழும்பிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "கரு கட்டிருச்சு மிஸ்," என்றார். அதற்குமேல் பேச முடியாமல் போனை வைத்துவிட்டார்.

கருவை உள்ளே வைத்து அனுப்பினார்கள். இரத்தத்தை எங்கள் லெப்பில்தான் பார்த்தேன். கர்ப்பம் தரித்திருந்தது. அடுத்த தடவை பார்த்தபோது இரத்தத்தில் கர்ப்ப ஹோர்மோனின் அளவு கூடியிருந்தது. என் இத்தனை வருட வேலையில் ஒரு முடிவைச் சொல்வதற்காக நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடியது அந்த ஒரு நாள்தான். அவர் வாங்கிலிருந்து எழுந்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத கிழவரின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

மூன்றாம் தடவை அவர்கள் வந்தது திகதிக்கு முன்பே. பெரகலயைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போதே பஸ்ஸில் இரத்தம் போயிருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான் சொன்னதற்கு, முதலில் நீங்கள் பாருங்கள் என்று அவர் நின்றார். பார்த்தேன். அளவு பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. அதன் அர்த்தம் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

"கொறஞ்சாலும் இருக்குல்ல மிஸ்?" என்றார் அவர். "உசுரு இருக்குல்ல? இன்னொருக்கா எடுத்துப் பாருங்க."

அக்கா கண்ணைத் திறக்காமலே மறுகையை நீட்டினார். அந்தக் கையில் ஏற்கெனவே குத்திய தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நான் ஊசியை எடுக்கவில்லை. அந்தக் கையை மடித்து அக்காவின் மடியிலேயே வைத்தேன். வெளியே ஓடிப்போய் ஒரு ஆட்டோவைப் பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆட்டோவில் ஏறும்போதும் அவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனார். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு அக்கா போதும் என்றுவிட்டார். அவர் விடவில்லை. டீசல் இல்லாமல் பஸ்கள் நின்றுபோயிருந்த அந்த வருடத்திலும், மரக்கறி லொறியின் பின்னால் முட்டைக்கோவா மூட்டைகள்மேல் உட்கார்ந்து பதுளைக்கு வந்து போத்தலைக் கொடுத்தார். கதிர்காமத்துக்கு நடந்தார். பண்டாரவளையில் ஒரு வைத்தியரின் சூரணத்தைத் தின்று வயிறு கெட்டு, கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்றார். ஆண்டவன் ஒரு நாளைக்குப் பெல்ட்டைப் போட்டுவிடுவான் என்று சொன்னார். அவரைத் தூரத்தில் பார்க்கும்போதே நான் பதிவேட்டுக்குள் குனிந்துகொள்வேன். இல்லை என்று சொல்வதற்குப் புதிய சொற்கள் என்னிடம் இருக்கவில்லை.

ஒரு நாள் அக்கா தனியாக வந்தார். பரிசோதனைக்கு அல்ல. கூட்டம் கலையும்வரை காத்திருந்து உள்ளே வந்தார்.

"அடுத்த தடவ அவரு வந்தா, எல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க மிஸ்."

ஏன் அக்கா என்று கேட்டேன்.

"நிக்குதுன்னு சொன்னா விடமாட்டாரு. செத்துப்போச்சுன்னு நீங்க சொன்னாத்தான் நம்புவாரு. அதுக்கப்புறம் என் மொகத்தயும் ஒருக்காப் பாப்பாரு."

இல்லாததை நான் எப்படிச் சொல்வது அக்கா என்றேன். அக்கா வற்புறுத்தவில்லை. எனக்கு வேலை போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, பரவாயில்லை மிஸ் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். போகும்போது, வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதே அடுத்த திகதியைப் பற்றி மட்டும்தான் என்றார்.

அடுத்த மாதம் அவர் வந்து போத்தலைக் கேட்டபோது, நான் கொடுக்காமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். அக்கா வந்ததையும் கேட்டதையும் சொன்னேன்.

"அவளா வந்தா? தனியாவா?"

"ஆமாண்ணே. அவங்களுக்கு ஓய்ஞ்சு போச்சு. நீங்க இங்க பாக்குறத விட்டுட்டு அவங்களப் பாருங்க."

அவருடைய கண்கள் மேசைமேல் இருந்த நுணுக்குக்காட்டிக்கும் எனக்கும் நடுவில் எங்கேயோ நின்றன. அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லையே மிஸ் என்று மெதுவாகச் சொன்னார். அவளைச் சொன்னவர்கள் வாயை எல்லாம் அடைத்தேனே என்றார். பிறகு எழுந்து, போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனார். அதோடு எங்கள் லெப்புக்கு அவர் வருவது நின்றது. ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து, பண்டாரவளையில் வேறொரு லெப்பில் வேலை செய்யும் என் சிநேகிதி போனில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவரைப் பற்றிச் சொன்னாள். மாதம் தவறாமல் வருகிறார், முன்வாங்கில் உட்காருகிறார், முடிவைச் சொன்னால் உயிர் இருக்கிறதா என்று கேட்கிறார், ஏதோ ஒரு எலியைப் பற்றிப் பேசுகிறார், கொஞ்சம் மனநிலை சரியில்லாதவரோ என்று கேட்டாள். இல்லை, நல்ல மனிதர் என்றேன். அவர் இன்னும் போகிறார் என்பது அக்காவுக்கும் எப்படியோ தெரியவந்திருக்கிறது. அக்கா சண்டை போடவில்லை. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போகப் பெயர் கொடுத்து, எல்லாம் சரியான பிறகுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது பதுளை பஸ் நிலையத்தில். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சிமெந்துத் திண்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. அக்காவைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார். விமானநிலையம்வரை வரவேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மிஸ், உங்க கெம்பஸ்ல அந்த எலிங்கள வச்சிருந்தீங்கல்ல," என்றார். "குட்டி பொறக்கலன்னா பொட்ட எலி அத விட்டுட்டுப் போகுமா?"

"கூண்டுக்குள்ளதான வச்சிருப்போம் அண்ணே. அது எங்க போகும்? போக எடம் இல்ல."

கொஸ்லந்த பஸ் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவர் எழுந்து சாரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"இவளுக்குப் போக எடம் இருந்துச்சு மிஸ்," என்று சொல்லிவிட்டுப் போய் ஏறினார்.